நிகழ்த்துகலையில் குருதியும் பார்வையாளர் மெய்ப்பாடும்

திறவுச்சொற்கள்: குருதி, நிகழ்த்துகலை, மெய்ப்பாடு, அழுகை, பார்வையாளர்.

முன்னுரை

திரையில் காணும் குருதி அச்சம் விளைவிப்பதற்கு அது மெய்க்குருதியாக இருக்க வேண்டுவதில்லை. ஆல்பிரட் ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’ (1960) படத்தில் குளியலறைக் கொலையின்போது வழிந்தோடுவது சாக்லேட் பாகே. கறுப்பு வெள்ளைப் படமாதலின் அது குருதியாகவே தோன்றிற்று. 1970களின் நிகழ்த்துகலையோ மெய்க்குருதியைக் கையாண்டது. இம்மாற்றம் பார்வையாளரை எந்நிலையில் நிறுத்துகிறது என்பதை இரு நிகழ்வுகளின்வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

உடலற்ற குருதி

கியூபாவில் பிறந்த அனா மெண்டியேட்டா, 1973இல் அமெரிக்காவின் அயோவா நகரில் ஒரு கட்டடத்தின் வாயிலிலிருந்து நடைபாதைக்கு வழியுமாறு விலங்குக் குருதியையும் இறைச்சித் துண்டுகளையும் இட்டார். அவ்வாண்டில் அவர் பயின்ற பல்கலைக்கழக வளாகத்தில் மாணவி ஒருவர் கொலையுண்டிருந்தார். வழிப்போக்கர் குருதியைக் கண்டனர், சற்றே தயங்கினர், கடந்து சென்றனர். மறைவிலிருந்து பதிவுசெய்யப்பட்ட அத்தயக்கமே படைப்பாயிற்று.

உடலின் குருதி

1975இல் ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக் நகரில் மரீனா அப்ரமோவிச் தம் வயிற்றில் ஐந்துமுனை விண்மீனைச் சவர அலகால் கீறிக்கொண்டார். பின்னர்ப் பனிக்கட்டிகளின்மீது கிடந்தார். பார்வையாளரே அவரை அதிலிருந்து அகற்றி நிகழ்வை முடித்தனர்.

ஒப்பீடு

கலையென்று அறிந்தவர் தடுத்தனர். குற்றமோ என ஐயுறத்தக்க இடத்தில் நின்றவர் கடந்து சென்றனர். இம்முரண் சிந்தித்தற்குரியது. தொல்காப்பியர் கூறும் எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாகிய அழுகை, தன்கண் தோன்றியது பற்றியும் பிறன்கண் தோன்றியது பற்றியும் பிறக்கும் என்பது உரையாசிரியர் கொள்கை. இன்ஸ்புருக்கில் அப்‘பிறன்’ கண்முன் இருந்தார். அயோவாவில் குருதி இருந்தது, அதற்குரியவர் இல்லை. எனவே அங்கு எழுந்த மெய்ப்பாடு இளிவரலோடு நின்று, அழுகையாய் வளர்ந்திலது எனக் கருதலாம். அரங்கில் கூடியோரும் தெருவில் செல்வோரும் ஒருதன்மையர் அல்லர் என்பதும் உடன்கொள்ளத்தக்கது.

முடிவுரை

மெய்க்குருதியா, போலிக்குருதியா என்னும் வினாவினும், அஃது எவருடையது என்று பார்வையாளர் அறிந்தனரா என்னும் வினாவே முதன்மையானது. பாதிக்கப்பட்டவரின் உடல் மறைக்கப்படுமிடத்துச் சமூகத்தின் இரக்கமும் உடன்மறைகிறது என்பதை மெண்டியேட்டாவின் நடைபாதை உணர்த்துகிறது. மெய்ப்பாட்டுக் கோட்பாடு செய்யுளாய்விற்கு அப்பால் இக்கால நிகழ்த்துகலைக்கும் பொருந்துவதனை இவ்வொப்பீடு காட்டுகிறது.