விண்மீனைப் படம்பிடிக்கச் சிக்கனக் கருவி

பிறை பார்த்துப் பழகிய நமக்கு வானம் புதிதன்று. ஒளி பொருளிலிருந்தே கண்ணை வந்தடைகிறது என்பதை 11ஆம் நூற்றாண்டில் விளக்கியவர் இப்னு அல் ஹைதம். அவ்வொளியைத் திரட்டுவதே கேமராவின் பணி.

விண்மீனின் மெல்லொளியைத் திரட்டப் பல நொடிகள் வேண்டும். அதுவரை கேமரா சிறிதும் அசைதலாகாது. ஆதலின், பட்டாசுத் தொழிலில் பெற்றோர் ஈட்டிய பணத்தை விலையுயர்ந்த கேமராவில் முடக்காது, மாணவர் முதற்கண் உறுதியான முக்காலியை வாங்குக. பழைய டி.எஸ்.எல்.ஆர். கேமராவும் அதனுடன் வரும் 18-55 மி.மீ. லென்சும் தொடக்கத்திற்குப் போதும்.

புவி சுழல்வதால், நெடுநேரம் திறந்துவைத்தால் விண்மீன் கோடாக நீளும். 500ஐக் குவியத்தூரமாகிய 18ஆலும், இவ்வகைக் கேமராவின் உணர்பரப்பு சிறியதாதலின் 1.5ஆலும் வகுக்க, ஏறத்தாழ 18 நொடி, அதுவே எல்லை.

சிவகாசியின் விளக்கொளிக்கு அப்பால், கரிசற்காட்டில், அமாவாசையை ஒட்டிய இரவில் தொடங்குக. அடுத்து வாங்க வேண்டியது எது என்பதை முதற்படங்களே உணர்த்தும்.