நாய் ஏன் காலைக் கட்டிக்கொள்கிறது?

உங்கள் வீட்டுக்கு உறவினர் ஒருவர் வருகிறார். அவர் நாற்காலியில் அமர்ந்ததும் உங்கள் நாய் ஓடிவந்து, முன்னங்கால்களால் அவருடைய காலைக் கட்டிக்கொண்டு இடுப்பை ஆட்டத் தொடங்குகிறது. பெரியவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். தம்பி விழுந்து விழுந்து சிரிக்கிறான். அப்பா கழியைத் தேடுகிறார். நாய்க்கு அடி விழுகிறது. மறுநாளும் இதே கதைதான்!

இந்த ஒரு பழக்கத்திற்காகவே நாள் முழுவதும் சங்கிலியில் கிடக்கும் நாய்களும் உண்டு. தெருவில் விடப்பட்ட நாய்களும் உண்டு. அடித்தும் பழக்கம் மாறாதது ஏன்? வெட்கத்தைச் சற்று ஒதுக்கிவைத்து, இதை ஒரு விலங்கியல் பாடமாகப் பார்ப்போம்.

மாட்டுப் பண்ணை சொல்லும் பாடம்

ஓசூரை அடுத்த மத்திகிரியில் அரசு கால்நடைப் பண்ணை ஒன்று இருக்கிறது. 1824-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் தம் படைக்குக் குதிரை வளர்ப்பதற்காகத் தொடங்கிய பண்ணை அது. குதிரைகளின் காலம் முடிந்தபின் மாடு வளர்ப்புக்குப் பெயர் பெற்றது.

மாடு வளர்ப்போர் தினமும் கவனிக்கும் ஒரு காட்சி உண்டு. ஒரு பசு மற்றொரு பசுவின்மேல் தாவும். கீழே உள்ள பசு நகராமல் நிற்கும். அவ்வாறு நிற்கும் பசுவே சினைப் பருவத்தில் இருக்கிறது என்று அவர்கள் அறிவார்கள். இப்பருவம் ஏறத்தாழ 21 நாள்களுக்கு ஒருமுறை வரும்; பசு இவ்வாறு நிற்பதோ சுமார் அரை நாள்தான். காலையில் கண்டால் மாலையிலும், மாலையில் கண்டால் மறுநாள் காலையிலும் சினை ஊசி போடச் செய்வது வழக்கம். கவனிக்கத் தவறினால் மேலும் மூன்று வாரம் காத்திருக்க வேண்டியதுதான்.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் தெரிகின்றன. ஒன்று, தாவி ஏறுவது ஆண் விலங்கின் செயல் மட்டும் அன்று. இரண்டு, அது ஓர் அறிகுறி. பசு தாவினால் நாம் கழியை எடுப்பதில்லை. காரணத்தை அறிய முயல்கிறோம். நாய்க்கு மட்டும் ஏன் வேறு நீதி?

ஒரு செயல், பல காரணங்கள்

பிறந்து சில வாரங்களே ஆன குட்டிகள், ஆணும் பெண்ணும், விளையாடும்போதே ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன. இது வளர்ச்சியின் ஒரு பகுதி.

நாய் பருவம் அடையும்போது ஆண் நாயின் உடலில் டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஹார்மோன் பெருகுகிறது. அருகில் பருவத்திலுள்ள பெண் நாயின் மணம் காற்றில் வந்தால் போதும், அது அமைதி இழந்துவிடும். இது இரண்டாவது காரணம்.

மூன்றாவது காரணம் சுவையானது. சண்டையிடும் சேவல்கள் திடீரென்று நிறுத்திவிட்டு, இல்லாத தானியத்தைத் தரையில் கொத்துவதைப் பார்த்திருப்பீர்கள். எதிரியைத் தாக்குவதா, தப்பி ஓடுவதா என்ற தடுமாற்றத்தில், தொடர்பில்லாத மூன்றாவது செயல் ஒன்று வெளிப்படுகிறது. இத்தகைய செயல்களை ஆராய்ந்தவர்களுள் ஒருவர், 1973-இல் நோபல் பரிசு பெற்ற நிக்கோ டின்பர்கன். அளவு மீறிய மகிழ்ச்சியோ அச்சமோ ஏற்படும்போது நாயும் இவ்வாறே தாவி ஏறுவதுண்டு. ஓசூர்ப் பகுதியில் எல்லோரும் ஷிப்டுக்குப் போய்விட, வீட்டில் தனியே கிடக்கும் நாயை நினைத்துப் பாருங்கள். மாலையில் கதவு திறந்ததும் அதன் கிளர்ச்சி கரைபுரண்டு ஓடாதா?

நான்காவது காரணம் நாமே! 1898-இல் தார்ன்டைக் என்னும் அமெரிக்க அறிஞர் பூனைகளைப் பெட்டிக்குள் அடைத்து ஆராய்ந்தார். நல்ல பலன் தரும் செயலை விலங்கு மீண்டும் செய்கிறது என்று கண்டார். தம்பி சிரித்ததும், அப்பா கத்தியதும் நாய்க்குக் கிடைத்த கவனிப்பு. கவனிப்புக்கு ஏங்கும் நாய்க்கு அதுவே பரிசு.

ஐந்தாவது, நோய். சிறுநீர்ப் பாதையில் அழற்சியோ தோலில் அரிப்போ இருந்தாலும் இப்பழக்கம் தோன்றலாம். அடிக்கடி நக்கிக்கொள்வது, சிறுநீர் கழிக்கத் துன்பப்படுவது ஆகியவற்றைக் கண்டால் கால்நடை மருத்துவரிடம் காட்டுக.

“நாய் உங்களை அடக்கி ஆளப் பார்க்கிறது, நீங்கள் அதை அடக்குங்கள்” என்று சிலர் கூறுவர். கூண்டில் அடைத்த ஓநாய்களை 1947-இல் ஷெங்கல் என்பவர் ஆராய்ந்து எழுதியதிலிருந்து பரவிய கருத்து இது. காட்டு ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாய், தந்தை, பிள்ளைகள் அடங்கிய குடும்பமே என்று டேவிட் மீச் 1999-இல் தெளிவுபடுத்தினார்.

என்ன செய்யலாம்?

நாய் காலைக் கட்டினால் கத்தாதீர்கள், சிரிக்காதீர்கள். அமைதியாக எழுந்து விலகுங்கள். தொடக்கத்தில் பழக்கம் சற்றுக் கூடுவதுபோல் தோன்றும். பலன் கிடைக்காத செயல் மெல்ல மெல்லக் குறையும். ஆனால் வீட்டில் ஒருவர் சிரித்துவிட்டாலும் பயிற்சி பின்னடையும்.

வேறொரு செயலைக் கற்றுக்கொடுங்கள். உட்கார்ந்திருக்கும் நாய் தாவ முடியாதல்லவா? உட்கார்ந்தவுடன் ஒரு சிறு தின்பண்டம் கொடுங்கள். தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து ஒலிக்கும் பகுதி மத்திகிரி. அண்ணன் “உட்கார்” என்றும், பாட்டி “கூர்ச்சோ” என்றும், பக்கத்து வீட்டார் “கூத்கோ” என்றும் சொன்னால் நாய் குழம்பும். எந்த மொழியானாலும் சரி, எல்லோரும் ஒரே சொல்லைச் சொல்லுங்கள்.

விருந்தினர் வருமுன் நாயை நன்றாக நடத்திக் கூட்டி வாருங்கள். குழந்தைகள்மேல் தாவும் நாயாக இருந்தால், பழக்கம் மாறும்வரை கழுத்துப்பட்டையில் கயிறு கட்டி அருகில் வைத்திருங்கள்.

கருத்தடை அறுவை பயன் தருமா? 1976-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், அறுவை செய்யப்பட்ட ஆண் நாய்களுள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கில் இப்பழக்கம் குறைந்தது. மீதியில் குறையவில்லை. ஹார்மோன் மட்டுமே காரணம் அன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? அறுவை செய்யும் காலத்தை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

அடிப்பதிலும், கிளர்ச்சியில் உள்ள நாயை வெறுங்கையால் பிடித்து இழுப்பதிலும் ஆபத்து உண்டு. அஞ்சிய நாய் கடித்துவிடும். கடித்தாலோ கீறினாலோ புண்ணைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வெறிநோய் அறிகுறி தோன்றியபின் உயிர் பிழைப்பது மிக மிக அரிது.

நீங்களே ஆராயுங்கள்

ஒரு நோட்டில் நான்கு கட்டங்கள் போடுங்கள்: நேரம், அதற்கு முன் நடந்தது, நாய் செய்தது, அதன்பின் நாம் செய்தது. ஏழு நாள்கள் எழுதுங்கள். விருந்தினர் வரும்போது மட்டுமா? தனிமைக்குப் பின்னா? நீங்கள் பாடம் படிக்கும்போதா? காரணத்தை ஊகியுங்கள். பிறகு ஒன்றை மட்டும் மாற்றி, அடுத்த ஏழு நாள்கள் எழுதி ஒப்பிடுங்கள். உற்றுநோக்கல், ஊகம், சோதனை என்னும் அறிவியல் முறை இதுதான்.

நாயால் வாய் திறந்து காரணம் சொல்ல முடியாது. அதற்காக நோட்டில் எழுத உங்களால் முடியும்!