நீளும் கம்பி, நிலைக்கும் செய்தி

2019 மார்ச்சில் பாசீர் கூடாங் கிம் கிம் ஆற்றில் நச்சுக் கழிவு கொட்டப்பட்டு, 111 பள்ளிகள் மூடப்பட்டன. பக்கத்து மாசாயில் அப்போது நான் இடைநிலைப்பள்ளி மாணவன். காற்றை அளக்க வேண்டும் என்ற ஆர்வம் அன்று பிறந்தது. இறுதியாண்டுத் திட்டப்பணிக்கும் வாயு உணரியையே தேர்ந்தெடுத்தேன்.

மேசைமேல் சரியாக இயங்கிய உணரி, ஒரு பட்டறையில் 20 மீட்டர் கம்பியில் இணைத்ததும் தடுமாறியது. பம்பு மோட்டார் ஓடத் தொடங்கும்போதெல்லாம் எண்கள் தாவின.

சிக்கல் எங்கே?

உணரி செய்தி அனுப்பிய முறை ஐ2சி. 1982இல் பிலிப்ஸ் நிறுவனம் உருவாக்கிய இம்முறை, ஒரே சுற்றுப்பலகையிலுள்ள சில்லுகளுக்கானது. தரவுக்கு ஒரு தடம், கடிகாரத் துடிப்புக்கு ஒரு தடம். இரண்டின் மின்னழுத்தத்தையும் மேலே உயர்த்துபவை மின்தடைகளே. கம்பி நீண்டால் அதன் மின்தேக்கத்திறன் கூடும். மின்னழுத்தம் உயரத் தாமதமாகும். பொதுவான மேல்வரம்பு 400 பிக்கோஃபாரட். கணினி வலையமைப்புக் கம்பியில் மீட்டருக்கு ஏறத்தாழ 50 பிக்கோஃபாரட் இருப்பதால், 8 மீட்டரிலேயே வரம்பு தீர்ந்துவிடும்.

இதைவிட ஆபத்தானது வேறு. பைட் வந்து சேர்ந்ததா என்பதை மட்டுமே ஐ2சி உறுதிசெய்யும். வந்தது சரியா என்று தானாகச் சோதிக்காது. ஆகவே, இரைச்சலில் சிதைந்த எண்ணும் உண்மையான அளவைப் போலவே திரையில் தோன்றும்.

தீர்வு என்ன?

வேகத்தைக் குறைப்பதும் மின்தடையின் மதிப்பைக் குறைப்பதும் சில மீட்டருக்கு உதவும். மோட்டார்களின் நடுவே அவை போதா. அங்கு ஏற்றது ஆர்எஸ்-485. அது ஒரே செய்தியை, முறுக்கிய இரு கம்பிகளில் எதிரெதிர் மின்னழுத்தமாக அனுப்பும். வெளி இரைச்சல் இரண்டையும் ஏறக்குறைய ஒரே அளவில் தாக்கும். பெறுமுனை இரண்டின் வேறுபாட்டை மட்டும் பார்ப்பதால், இரைச்சல் பெரும்பாலும் கழிந்துவிடும். குறைந்த வேகத்தில் 1200 மீட்டர் வரை செல்லலாம்.

நான் செய்தவை மூன்று:

1. உணரியின் அருகிலேயே சிறு நுண்கட்டுப்படுத்தியை வைத்து, ஐ2சி இணைப்பைச் சில சென்டிமீட்டருக்குள் முடித்தேன்.

2. அங்கிருந்து ஆர்எஸ்-485 கம்பியை இழுத்து, இரு முனைகளிலும் 120 ஓம் மின்தடை இணைத்தேன்.

3. ஒவ்வொரு செய்தியோடும் ஒரு சரிபார்ப்பு எண்ணைச் சேர்த்தேன். எண் பொருந்தாத செய்தியை நிராகரித்து, மீண்டும் கேட்க வைத்தேன்.

இப்போது மோட்டார் ஓடினாலும் எண்கள் தாவுவதில்லை. செய்தி சிதைந்தால், திரையில் ‘அளவு இல்லை’ என்று வருகிறது.

தோழர்களே, நாளை நம்மில் ஒருவர் செய்யும் கருவி ஏதேனும் ஒரு பள்ளி வேலியில் தொங்கலாம். அது ‘தெரியவில்லை’ என்று சொன்னால் ஆசிரியர்கள் வேறு வழியில் விசாரிப்பார்கள். தவறான அளவைக் காட்டினால், அதை நம்பிப் பிள்ளைகளைத் திடலில் விளையாட விடுவார்கள்.