குறைந்த காசில் சத்தான சாப்பாடு: பருப்புச் சட்டியிலிருந்து தொடங்குவோம்



வீட்டுப் பிரச்சினை, விசாப் பிரச்சினை என்று எங்களிடம் வருபவர்களிடம் "என்ன சாப்பிட்டனீங்கள்?" என்று கேட்டால் அநேகமாக ஒரே பதில்தான் வரும். "சோறும் ஏதோ ஒண்டும் அக்கா. காசு காணாது." அண்மையில் வந்த ஒரு தம்பி, காலையில் வெறும் பாண், மத்தியானம் ஒன்றுமில்லை, இரவில் கோப்பை நிறையச் சோறு என்றார். வயது முப்பத்திரண்டு. இரத்தத்தில் சீனி எல்லைக்கு வந்துவிட்டது என்று டொக்டர் அனுப்பிய கடிதத்தை வாசித்துச் சொல்லும்படி கேட்கத்தான் அவர் வந்திருந்தார்.

அகதி விண்ணப்பம் செய்து, சமையல் வசதியுள்ள வீட்டில் இருப்பவருக்கு பிரித்தானிய அரசு 2024 ஜனவரியில் நிர்ணயித்த தொகை கிழமைக்கு 49.18 பவுண்ஸ். நாளொன்றுக்கு ஏழு பவுண்ஸ். பஸ், போன், சவர்க்காரம், சப்பாத்து எல்லாம் இதற்குள்தான். ஆகவே சாப்பாட்டுக்குக் கிழமைக்கு 25 பவுண்ஸ் என்று வைத்துக்கொண்டு பேசுவோம். இது போதுமா என்று கேட்டால், போதாது என்பதே என் பதில். ஆனாலும் இதற்குள் வயிறு நிறைவது மட்டுமல்லாமல் உடம்புக்கும் ஏதாவது போய்ச் சேர வேண்டும்.

எங்களைப் போன்ற தெற்காசியருக்கு நீரிழிவு மற்றவர்களைவிட இளம் வயதிலேயே, உடம்பு பெரிதாகக் கொழுக்காமலே வரக்கூடும். உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பி.எம்.ஐ. எண் 23ஐத் தாண்டினாலே கவனம் தேவை என்று இங்குள்ள மருத்துவர்கள் சொல்கிறார்கள். காசு இறுகும்போது நாங்கள் முதலில் குறைப்பது கறியை, கூட்டுவது வெள்ளைச் சோற்றை. பிழை அங்கேதான்.

காசு குறைந்தால் கூட்ட வேண்டியது பருப்பு. மைசூர்ப் பருப்பைப் பெரிய பையில் வாங்கினால் கிலோ இரண்டு பவுண்ஸ் அளவில் வரும். கடைக்குக் கடை கொஞ்சம் மாறும். கால் கிலோ பருப்பில் கிட்டத்தட்ட 60 கிராம் புரதம் இருக்கிறது. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு நாளொன்றுக்குத் தேவைப்படுவது 45 கிராம். ஐம்பது பென்ஸுக்கு இப்படிப் புரதம் தரும் இறைச்சி இந்த நாட்டில் கிடையாது. ஊரில் பருப்பு என்றால் சோற்றுக்கு மேல் ஒரு கரண்டி. இங்கே கோப்பையில் கால்வாசியாவது அதுவாக இருக்கட்டும், அரைவாசி மரக்கறி, மிச்சம் சோறு. பயறு, கௌபி, கடலை எல்லாவற்றுக்கும் இதே கணக்குத்தான். அவித்த பயறும் தேங்காய்ச் சொட்டும் காலைச் சாப்பாடாக இருந்த வீடுகளில் வளர்ந்தவர்கள்தானே நாங்கள்! சிவப்பு ராஜ்மா அவரையில் மட்டும் கவனம். அதை இரவு முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு, புதுத் தண்ணீரில் பத்து நிமிடமாவது நன்றாகக் கொதிக்கவிட வேண்டும். அரைவேக்காட்டில் அது நஞ்சு. ரின்னில் வருவது ஏற்கெனவே அவித்தது, பயமில்லை.

மரக்கறிக்கு வருவோம். ஈஸ்ட்ஹாமிலோ ரூட்டிங்கிலோ தமிழ்க் கடைக்குள் போனால் முருங்கைக்காயும் கத்தரிக்காயும் கண்ணைப் பறிக்கும். பிளேனில் வந்த சாமான், விலையும் அப்படித்தான். வாங்கவே வேண்டாம் என்று சொல்லமாட்டேன், மாதத்தில் ஒருநாள் வாங்குங்கள், மனதுக்கும் அது தேவை. மற்ற நாட்களில் இந்த நாட்டு மண்ணில் விளையும் கோவா, கரட், லீக்ஸ். கோவா வறையையும் கரட் சம்பலையும் யாரும் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. உறைந்த பசளி, போஞ்சி, பட்டாணிப் பைகள் மலிவு, சத்திலும் குறைவில்லை, அழுகிக் குப்பைக்கும் போகாது. கடைத் தட்டில் விலைக்குக் கீழே சின்ன எழுத்தில் கிலோவுக்கு எவ்வளவு என்று போட்டிருப்பார்கள். ஒப்பிட வேண்டியது அந்த எண்ணைத்தான்.

மீன் இல்லாமல் சரிவராது என்பவர்கள் சாளை ரின்னை எடுங்கள். முள்ளோடு சாப்பிட்டால் கல்சியமும் கிடைக்கும்.

சாப்பிட்டவுடன் பிளேன்ரீ குடிக்கும் பழக்கம் எங்களில் பலருக்கு உண்டு. பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்வதை அது தடுக்கிறது. ஒரு மணித்தியாலம் பொறுத்துக் குடியுங்கள். சாப்பாட்டில் தேசிக்காய் பிழிந்தால் இரும்பு கூடச் சேரும். இரத்தசோகை உள்ள பெண்களுக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள். இன்னொன்று வைட்டமின் டி. இங்குள்ள வெயில் எங்கள் தோலுக்குக் காணாது. நாளுக்கு 10 மைக்ரோகிராம் குளிசை, வருடம் முழுக்க எடுப்பதைப் பற்றி உங்கள் ஜி.பி.யிடம் கேளுங்கள். ஜி.பி.யிடம் பதிவதற்கும் அவரைப் பார்ப்பதற்கும் காசு இல்லை, விசா முடிவு வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை.

மிஞ்சிய சோற்றை ஊரில்போல இரவு முழுக்க வெளியே வைக்காதீர்கள். ஒரு மணித்தியாலத்துக்குள் ஆறவைத்து பிரிட்ஜில் வைத்து, அடுத்த நாளே நன்றாகச் சூடாக்கி முடித்துவிடுங்கள்.

உணவு வங்கிக்குப் போக வெட்கப்பட்டு, வீட்டில் அம்மாமார் தாங்கள் சாப்பிடாமல் பிள்ளைகளுக்குக் கொடுப்பதைக் காண்கிறோம். "எனக்குப் பசியில்லை" என்பார்கள். பிள்ளைகளுக்கு அது பொய் என்று தெரியும். அநேக உணவு வங்கிகளுக்குப் பரிந்துரைக் கடிதம் வேண்டும், அதைப் பெற நாங்கள் உதவுவோம். அங்கே தரும் பேக்ட் பீன்ஸ் ரின்னைப் பார்த்து "இனிக்குது" என்று ஒதுக்காமல், வெங்காயம், உள்ளி, செத்தல் மிளகாய் தாளித்து அதற்குள் ஊற்றிப் பாருங்கள். பாணுக்கு நல்ல கறி. குருத்வாராக்களில் லங்கர் சாப்பாடு யார் போனாலும் உண்டு, தலையை மூடிக்கொண்டு போனால் சரி.

1999ஆம் ஆண்டின் குடிவரவு, அகதிச் சட்டத்தின் கீழ் உதவி பெறும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இங்கிலாந்தில் பாடசாலை மதிய உணவு இலவசம். அரச உதவி பெற உரிமையில்லை என்று விசாவில் எழுதப்பட்டவர்களும் வருமானம் குறைவென்றால் கேட்கலாம். கர்ப்பிணிகளுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் அகதி உதவியில் மேலதிகத் தொகை உண்டு. கர்ப்பிணிகள் விண்ணப்பித்தால்தான் அது வரும். ஹோட்டலில் வைத்திருப்பவர்களுக்குச் சமைக்க வழியில்லை, அவர்களுக்கு மேலே சொன்னதில் பாதி பொருந்தாது. நீரிழிவோ ஒவ்வாமையோ இருந்தால் டொக்டரின் கடிதத்தோடு வாருங்கள், சாப்பாட்டை மாற்றித் தரும்படி எழுதிக் கேட்போம்.

அந்தத் தம்பியிடம் அடுத்த முறை வரும்போது ஒரு கிழமைக் கடைத் துண்டுகளைச் சேர்த்துக் கொண்டுவரச் சொன்னேன். கொண்டுவந்தார். கோக்குக்கும் சிப்ஸுக்கும் மட்டும் ஆறு பவுண்ஸுக்கு மேல் போயிருந்தது. நீங்களும் கொண்டுவாருங்கள், இருந்து சேர்ந்து பார்ப்போம்.