ஹரம், ஹரீம், ஹராம்: ஒரு வேர்ச்சொல் தரும் பாடம்

‘ஹராம்’ என்ற சொல் ஒலிக்காத முஸ்லிம் இல்லம் இல்லை. விலக்கப்பட்ட உணவையும் ஹராம் என்கிறோம். மக்காவின் புனிதப் பள்ளியையும் ‘மஸ்ஜிதுல் ஹராம்’ என்கிறோம். இரண்டுக்கும் ஒரே சொல் எப்படிப் பொருந்தும்?

ஹா, ரா, மீம் என்னும் மூன்றெழுத்து வேருக்குத் தடுத்தல் என்பதே அடிப்படைப் பொருள். தீங்கின் காரணமாகத் தடுக்கப்படுவதும் உண்டு. கண்ணியத்தின் காரணமாகத் தடுக்கப்படுவதும் உண்டு. மக்காவின் ஹரம் இரண்டாம் வகை. அவ்வெல்லைக்குள் வேட்டைப் பிராணியை விரட்டுவதும், தானாக முளைத்த மரத்தை வெட்டுவதும் கூடா. இஹ்ராம், முஹர்ரம், மஹ்ரம் ஆகியவையும் இவ்வேரில் கிளைத்த சொற்களே.

‘ஹரீம்’ என்பதும் அப்படியே. தரிசு நிலத்தில் முறைப்படி கிணறு வெட்டியவருக்கு அதைச் சுற்றி 40 முழம் ஹரீம் உண்டு என்பது ஹனஃபி மத்ஹபின் சட்டம். அதற்குள் பிறர் கிணறு தோண்டலாகாது. எம். புதுப்பட்டி வட்டாரத்தாருக்கு இதை விளக்கத் தேவையில்லை. பட்டாசு ஆலைகளில் அறைக்கு அறை இடைவெளி விடுவது ஏன்? ஒன்றைக் காக்க அதன் சுற்றுப்புறத்தையும் காக்க வேண்டும்.

வீட்டின் அந்தரங்கப் பகுதிக்கும் இப்பெயரே வழங்கிற்று. துருக்கியர் ஆண் விருந்தினர் அமரும் பகுதியை ‘ஸலாம்லிக்’ என்றும், குடும்பத்தார் வாழும் பகுதியை ‘ஹரெம்’ என்றும் அழைத்தனர். ஐரோப்பியக் கதாசிரியர்களோ அதைக் கேளிக்கைக் கூடமாகச் சித்தரித்துவிட்டனர்.

அன்பர்களே! பிறர் வீட்டில் அனுமதி கோரி, ஸலாம் உரைத்த பின்பே நுழைய வேண்டும். திரும்பிப் போகச் சொன்னால் திரும்பிவிட வேண்டும் என்று சூரத்துந் நூர் (24:27, 28) கட்டளையிடுகிறது. அனுமதி கேட்பது விதியாக்கப்பட்டதே பார்வையின் பொருட்டுத்தான் என்று நாயகம் (ஸல்) அவர்கள் விளக்கியுள்ளார்கள். ஃபஜ்ருக்கு முன், நண்பகல் ஓய்வு வேளை, இஷாவுக்குப் பின் ஆகிய மூன்று நேரங்களில் சொந்தப் பிள்ளைகளும் அனுமதி கேட்க வேண்டும் (24:58).

சுவரோடு சுவர் ஒட்டிய சிறு வீடுகளில் வாழும் நமக்கு இது மிகவும் அவசியம். வாசலில் நின்று குரல் கொடுக்காமல் அடுப்படி வரை போய்விடுகிறோம். அண்டை வீட்டுச் சச்சரவைத் தெருக் குழாயடியில் பேசுகிறோம். ஹிஜ்ரி 10-ல் இறுதி ஹஜ்ஜின்போது, அந்த நாளும் மாதமும் நகரமும் புனிதமானவை போலவே உங்கள் உயிரும் பொருளும் மானமும் புனிதமானவை என்று நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். மக்காவின் ஹரமைக் காண ஏங்கும் நாம், அடுத்த வீட்டு வாசலிலும் ஒரு ஹுர்மத் இருப்பதை மறக்கலாமா?

அதைப் பேணி வாழ அல்லாஹு தஆலா நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.