லாபம் ஏட்டில், பணம் எங்கே?

நம்பிக்கை: புதுத் தொழில்களில் பத்துக்கு ஒன்பது முதல் வருடமே மூடிவிடும்.

சொந்தத் தொழில் என்று வாயெடுத்தாலே வீட்டுப் பெரியவர்கள் இந்தக் கணக்கைச் சொல்லிப் பயமுறுத்துவார்கள். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறையின் பதிவுகள்படி, அங்கே முதல் வருடம் மூடப்படுபவை ஏறக்குறைய ஐந்தில் ஒன்று. ஐந்து வருடம் தாக்குப்பிடிப்பவை சுமார் பாதி. பாதி போவதும் பெரிய இழப்புதான். ஆனாலும் பத்துக்கு ஒன்பது என்பது வீண் பயம்.

நம்பிக்கை: பெரிய முதல் இருந்தால்தான் மேலே வர முடியும்.

கடலூர்க்காரர் சி.கே. ரங்கநாதன் 1983-இல் வெறும் 15,000 ரூபாயில் தொடங்கியதுதான் பிற்பாடு கெவின்கேர் நிறுவனம் ஆனது. எந்த ஷாம்பூவாக இருந்தாலும் காலி பாக்கெட் ஐந்து கொடுத்தால் தன்னுடைய சிக் ஷாம்பூ பாக்கெட் ஒன்று இலவசம் என்றார். கொஞ்ச நாளில் காலி சிக் பாக்கெட்டை மட்டுமே ஏற்றுக்கொண்டார். விற்பனை எகிறியது. கதை கேட்பவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள்: ஷாம்பூவைச் சின்ன பாக்கெட்டில் விற்கும் வித்தையில் முன்னோடி அவருடைய தந்தை சின்னி கிருஷ்ணன். காசு குறைவு, தொழில் ஞானம் வீட்டிலேயே இருந்தது.

நம்பிக்கை: ஆர்டர் வந்துவிட்டால் கவலையில்லை.

நிறையப் பேரைக் கவிழ்ப்பது இதுதான். அம்பத்தூரில் ஒரு லேத் பட்டறை என்று வைத்துக்கொள்வோம். பெரிய கம்பெனிக்கு உதிரிபாகம் செய்து ஒரு லட்சத்துக்கு பில் போட்டாயிற்று. இரும்புக்கு ரொக்கம் கொடுத்தாயிற்று. சனிக்கிழமை வந்தால் கூலி. இரும்பு வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொண்டு மீதி ஜிஎஸ்டியை மறுமாதம் 20-ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும், பணம் வந்தாலும் வராவிட்டாலும். கம்பெனியோ தொண்ணூறு நாள் கழித்துத்தான் தருகிறது. ஏட்டில் லாபம், கல்லாவில் ஒன்றுமில்லை. மனைவியின் வளையல் அடகுக்குப் போகிறது.

சட்டம் பட்டறைக்காரர் பக்கம்தான். 2006-ஆம் ஆண்டின் சிறு, குறு தொழில் சட்டப்படி, எழுத்தில் என்ன ஒப்பந்தம் போட்டிருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கில், மாதாமாதம் கூட்டுவட்டி. இதற்கு உத்யம் என்ற அரசுப் பதிவு வேண்டும். அதற்குக் கட்டணமே இல்லை. கேட்டால் அடுத்த ஆர்டர் போய்விடும் என்று வாய்திறக்காதவர்கள்தான் அதிகம். அந்தப் பயம் நியாயமானதே. அதனால் முதல் ஆர்டரிலேயே அட்வான்ஸ் கேட்டு, பணம் தரும் நாளையும் எழுதி வாங்கிவிட வேண்டும்.

நம்பிக்கை: நஷ்டமானால் போட்ட முதல் மட்டும்தான் போகும்.

தனி உரிமையாளராகத் தொழில் நடத்தினால், கடைக் கடனுக்குச் சொந்த வீடும் பொறுப்பு. பிரைவேட் லிமிடெட்டாகப் பதிந்தால் அந்தப் பொறுப்புக்கு வரம்பு உண்டு. ஆனால் கடன் கொடுக்கும் வங்கிகள் பெரும்பாலும் இயக்குநரிடம் தனிப்பட்ட ஜாமீன் கேட்கும். அதில் கையெழுத்துப் போட்டால் அந்தக் கடனுக்கு வீடு மறுபடியும் பொறுப்பாகிவிடும்.