எப்போது மேடை ஏறலாம்?

கேள்வி: என் மகள் ஆறு வருடமாக கர்நாடக வயலின் கற்கிறாள். வர்ணம் இரண்டு காலத்திலும் வாசிக்கிறாள். எப்போது மேடை ஏற்றலாம்?
– ஒரு வாசகி, ஆனேக்கல்

பதில்: உங்கள் மாநிலத்துக்காரர் மைசூர் டி. சௌடையாவையே பாருங்கள். 1910-ல் பிடாரம் கிருஷ்ணப்பாவிடம் சேர்ந்தவர், 1918 வரை அவரிடம் கற்றார். அத்தனை வருடமும் மேடை ஏறாமல் இருந்துவிடவில்லை. குருவின் பாட்டுக்கே பக்கவாத்தியம் வாசித்து வளர்ந்தார். மைக் இல்லாத காலம். கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டுமென்று ஏழு தந்தி வயலினை உருவாக்கினார். 1957-ல் சங்கீத கலாநிதி.

உங்கள் மகளும் முதலில் ஒரு பாட்டுக்காரர் பக்கத்தில் உட்காரட்டும். தோடியில் அவர் காந்தாரத்தை அசைத்து இழுக்கும்போது இவள் விரலும் அதே அளவு வழுக்க வேண்டும். வில் திரும்புவது காதுக்குத் தெரியக்கூடாது. தனியறைச் சாதகத்தில் மட்டும் இது வராது. கிருதிகளைப் பாடவும் கற்கட்டும். சாகித்தியம் தெரியாத கை, சொல்லை நடுவில் வெட்டிவிடும்.

வீடியோ வெளியிட அவசரம் வேண்டாம். ராமநவமி சீசனில் சாமராஜபேட்டை கோட்டை உயர்நிலைப் பள்ளி மைதானக் கச்சேரிகளுக்கு அழைத்துப் போங்கள். அங்கே வயலின்காரரின் வலது மணிக்கட்டையே கவனிக்கச் சொல்லுங்கள்.